"நீயே சொல்லு, பாட்டி!"

கோடை விடுமுறை வந்தாலும் வந்தது, வீடு இரண்டுபடுகிறது! பெரிய குழந்தைகளையாவது சமாளித்துவிடலாம். ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகாத இந்த மூன்று வயது, நாலு வயது வாண்டுகள் இருக்கிறார்களே, அப்பப்பா!

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். என் பேத்திக்கு அப்போது நாலு வயது. "மணல் விளையாட்டா, தண்ணி விளையாட்டா? எதுடி கண்ணு வேணும்?" என்று கேட்டேன். "தண்ணி!" என்று குதித்தாள். உடனே எனக்குத் தரை நனையுமே என்ற கவலை வந்துவிட்டது. "சளி பிடிக்கும், சமர்த்தாய் மணலே விளையாடு" என்றேன். மறுநாள் படம் வரைந்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்ததும், "இலைக்கு யாராவது சிவப்பு அடிப்பார்களா?" என்று பச்சையைக் கையில் திணித்தேன். மூன்றாம் நாளும் கேட்டேன். குழந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயே சொல்லு, பாட்டி" என்றாள்.

எத்தனை சமர்த்து என்று நீங்கள் மெச்சுவீர்கள். எனக்கோ சுருக்கென்றது. சொல்லிப் பயனில்லை என்று நாலு வயதிலேயே தெரிந்துகொண்டுவிட்டாளே! இப்படி வளரும் பெண் நாளைக்குத் தன் படிப்பு, தன் வாழ்வு என்று வரும்போது மட்டும் வாய் திறப்பாளா?

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே ஒரு நாள் ஆசிரியை சாமான் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். தாமதமாக வந்து பார்த்தால், குழந்தைகள் தாங்களே அலமாரியைத் திறந்து அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டிருந்தார்கள்! ஆசிரியைக்கு அது திருட்டாகப் பட்டது. அம்மையாருக்கோ, தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கக் குழந்தைக்குத் தெரியும் என்பது புரிந்தது. பூட்டிய அலமாரி போய், குழந்தையின் கைக்கு எட்டும் தணிவான அலமாரி வந்தது. அதே அம்மையார்தாம் 1939-ல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

நாம் என்ன செய்யலாம்? "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஆகாயத்து நிலா வேண்டும் என்றால் எங்கே போவீர்கள்? இரண்டைக் காட்டிக் கேளுங்கள். இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானவையாக இருக்கட்டும். வடாம் இடும் நாளில் ஒரு கிண்ணம் கூழைக் கொடுத்து, "உனக்கு வட்டமா, நீளமா?" என்று கேளுங்கள். அவள் இட்டதைத் தனியே காயவைத்துப் பொரித்துக் கொடுங்கள். கோணல் வடாமும் பொரிந்தால் ருசிதான்! நுங்கு வாங்கினால் கூந்தலை எறியாமல், வண்டி செய்வதா, சொப்புச் சமையலுக்கு அடுப்பாக்குவதா என்று அவளைக் கேளுங்கள்.

கேட்டுவிட்டால் அவள் சொன்னதே தீர்ப்பு. மாற்றுகிற உத்தேசம் இருந்தால் கேட்கவே கேட்காதீர்கள். உச்சி வெயிலில் வெளியே போவது குழந்தை முடிவு செய்கிற விஷயமல்ல. "இப்போது உள்ளேதான், சொப்பா, படமா?" என்று கேட்டால் போயிற்று. தண்ணீர் விளையாட்டென்றால் பக்கத்திலேயே இருங்கள். அரை வாளித் தண்ணீர்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. புளியங்கொட்டை, சோழி இவற்றை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் வயதில் கொடுக்கவே வேண்டாம்.

நானும் திருந்தினேன். மாலை வேளையில் மொட்டை மாடியில் மணலும், ஒரு பேசின் தண்ணீரும் வைத்து, தினமும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பல நாட்கள் "நீயே சொல்லு" தான். பிறகு ஒரு நாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டையும் கலந்து சேறு பண்ணலாம், பாட்டி!" என்றாள்.

என் புடவையெல்லாம் சேறு. அதனால் என்ன? குழந்தை வாய் திறந்துவிட்டாளே!