சைக்கிளின் நடுவச்சு

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வரும் பக்தர்கள், கோயிலைச் சுற்றுவதற்குக் கணக்கு வைத்திருப்பார்கள். நூற்றெட்டு என்று நேர்ந்துகொண்டால் நூற்றெட்டுத்தான். சைக்கிளின் நடுவச்சு எத்தனை தடவை சுற்றுகிறது என்று எவரும் கணக்கு வைப்பதில்லை. முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் உள்ள 28 அங்குல வண்டியில் பத்து மைல் போகிறவருக்காக அது ஏறக்குறைய 3,000 தடவை சுற்றுகிறது. பூ மூட்டையோ நூல் கட்டோ பின்னால் இருந்தால் அந்தப் பாரமும் சேர்ந்து அதன் தலையில்தான் விழுகிறது.

இரண்டு பெடல்களையும் இணைத்து, சட்டத்தின் அடிக்குழலில் குறுக்கே கிடக்கும் இரும்புத் துண்டையே நடுவச்சு என்கிறோம். கடைக்காரர் அதைப் பி.பி. ஆக்சில் என்பார். அதன் இரு புறமும் கிண்ணம் போன்ற இரண்டு கப்புகள். அவற்றுக்குள் பால்ரஸ் குண்டுகள். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் புழுதி இந்தக் கிண்ணங்களில் புகுந்து கிரீஸோடு கலந்தால், உரலில் மாவு அரைபடுவது போல எஃகு அரைபடுகிறது. சங்கரன்கோவில் புற்று மண் தேகத்துக்கு நல்லதென்று பக்தியுடன் எடுத்துச் செல்வோர் அநேகர். நடுவச்சுக்கு எந்த மண்ணும் ஆகாது.

மிதிக்கும்போதெல்லாம் "கடக் கடக்" என்று சப்தம் கேட்க ஆரம்பித்ததும், "வண்டிக்கு வயதாகிவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லிப் பேரீச்சம்பழக்காரரைத் தேடுகிறார்கள். இது அவசர புத்தி என்பது நமது அபிப்பிராயம். சட்டம் உறுதியாயிருக்கிறது, சக்கரங்கள் நேராக ஓடுகின்றன. தேய்ந்தவை ஓர் அச்சு, இரண்டு கப்புகள், இருபத்திரண்டு குண்டுகள், இரண்டு காட்டர் பின்கள். அவ்வளவும் ஓர் உள்ளங்கையில் அடங்கும்.

நோய் எதுவென்று முதலில் நிச்சயிக்க வேண்டும். ஒரு கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இரண்டு கிராங்குகளும் சேர்ந்து ஆடினால் கோளாறு கப்பிலோ குண்டிலோ அச்சிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் ஆடி மற்றது அசையாமலிருந்தால் காட்டர் பின்தான் தளர்ந்திருக்கிறது. அதற்காக அச்சைக் கழற்றுவது, பல்வலிக்குக் காலைக் கட்டுவது போலாகும்.

கழற்றும் வேலையில் முதல் சிரமம் இந்தப் பின்னால்தான். நட்டை முழுவதும் எடுக்காமல், பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்படி விட்டு, கிராங்குக்கு அடியில் ஒரு கனத்த இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஓங்கி ஒரே அடி அடிக்க வேண்டும். பயந்து பயந்து இருபது தட்டுத் தட்டினால் பின் வளைந்துகொள்ளும்.

அடுத்ததில் கெட்டிக்காரர்களும் ஏமாறுவதுண்டு. இடப்புறத்துக் கப்பு எல்லாத் திருகுகளையும் போலவே கழலும். பற்சக்கரம் இருக்கும் வலப்புறத்துக் கப்புக்கோ மரை நேர்மாறு. அதைப் பிரதக்ஷிணமாகத் திருப்பினால்தான் கழலும். இது செய்தவரின் குறும்பு அல்ல. உருளும் குண்டுகள், அச்சு சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் கப்பை மெல்ல மெல்லத் தள்ளுகின்றன. வலப்புறத்தில் சாதாரண மரை வைத்தால் மிதிக்க மிதிக்கக் கப்பு தானே தளர்ந்துவிடும். இது தெரியாமல் நீண்ட ஸ்பானரை மாட்டித் தன் பலமெல்லாம் காட்டுகிறவர், கப்பை மேலும் இறுக்கிக்கொண்டே போகிறார். கப்பின் தட்டையான விளிம்பைப் பட்டறை வைஸில் கவ்வவிட்டு, சட்டத்தையே நெம்புகோலாகப் பிடித்துத் திருப்புவது நல்ல உபாயம்.

பழைய ராலே வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாதாரண இங்கிலீஷ் அளவில் அங்குலத்துக்கு 24 மரைகள். நாட்டிங்ஹாமில் ராலே கம்பெனியார் தங்கள் வண்டிகளுக்கு 26 வைத்திருந்தார்கள். கடையில் கிடைக்கும் கப்பை அதில் பலவந்தமாக முறுக்கினால் அடிக்குழலின் மரை அழிந்துபோகும். கப்பு போனால் வேறு கப்பு வாங்கலாம்; குழலின் மரை போனால் சட்டமே போயிற்று. ஆகையால் அவ்வண்டிகளில் பழைய கப்புகள் ஓரளவு நன்றாயிருந்தாலும் அவற்றையே வைத்துக்கொண்டு, அச்சையும் குண்டுகளையும் மாத்திரம் மாற்றுவது சிலாக்கியம்.

மற்ற வண்டிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அம்பத்தூரில் 1949-இல் ஸ்தாபிக்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸும், லூதியானாவில் 1956-இல் தொடங்கிய ஹீரோவும் நம் தேசத்து வண்டிகளைப் பெருக்கின. கனத்த ரோட்ஸ்டர் வண்டிகளில் அந்தப் பழைய காட்டர் பின் முறையே நீடித்தது. மேனாடுகளில் 1970-களுக்குப் பிறகு அது மெல்ல மறைந்தது. தாத்தா ஓட்டிய வண்டிக்குப் பேரன் உள்ளூரிலேயே உதிரி வாங்க முடிவது நமக்கு வாய்த்த பாக்கியம்.

வாங்கும்போது பழைய அச்சைக் கையோடு கொண்டுபோய் நீளத்தை ஒத்துப் பார்ப்பது அவசியம். குண்டுகள் மட்டும் மாற்றினால் போதும் என்று கடையில் சொன்னால், கப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தென்பட்டால், புதுக் குண்டுகளையும் அந்தக் கப்பு சீக்கிரத்தில் தின்றுவிடும். குண்டுகளில் பாதி புதிது, பாதி பழையது என்று கலப்பதும் கூடாது. தேயாத குண்டு சற்றே பெரிதாகையால், பாரமெல்லாம் அதன் மேலேயே ஏறும்.

குழலை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கப்பில் கிரீஸைத் தாராளமாக அப்பி, பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலக் குண்டுகளைப் பதிக்க வேண்டும். வலக் கப்பை இறுக்கி அச்சைச் செருகியபின், இடக் கப்பை ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் நிறுத்துவதில்தான் கைப்பக்குவம் தெரியும். பூட்டு வளையத்தை முடுக்கும்போது கப்பும் சற்றுக் கூடவே நகரும். ஆதலால் முடுக்கிய பிறகு மறுபடியும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

காட்டர் பின்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும். மாறிப்போனால் இரு பெடல்களும் நேர்க்கோட்டில் நில்லாமல், நொண்டிக் குதிரை மேல் ஏறியது போலிருக்கும். பின்னைச் சுத்தியலால் அடித்துப் பதித்த பிறகே நட்டை முடுக்குக. முதல் பத்து மைல் ஓட்டியதும் பின்னை மறுபடி ஒரு தட்டுத் தட்டி, நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள்.