காதில் எதை மாட்டலாம்?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க ஒரு ஹெட்போன் வாங்கித் தரும்படி வாப்பாவிடம் கேட்டேன். “இருக்கிற காதையும் கெடுத்துக்கொள்ளவா?” என்றார் உம்மா. வாங்குவதென்றால் வெளி இரைச்சலை அடக்கும் விலை கூடிய புளூடூத் ஹெட்போன்தான் வாங்க வேண்டுமென்று நானா ஒற்றைக் காலில் நின்றார். இருவர் சொன்னதிலும் பாதி சரி என்பதே என் கருத்து.

நானாவின் பெரிய ஹெட்போனை ஒரு மாதம் இரவல் வாங்கிப் பாவித்தேன். தம்பியின் கார்ட்டூனுக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டருக்கும் நடுவில், குறைந்த சத்தத்திலேயே பாடம் தெளிவாகக் கேட்டது. சின்ன வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு தனி அறை கிடைத்த மாதிரி. ஆனால் ஒருநாள் வாப்பும்மா தண்ணீர் கேட்டு மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே குசினிக்கு நடந்து போயிருக்கிறார். பாடம் முடிந்த பிறகுதான் எனக்கு அது தெரிய வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு காதைத் திறந்தே வைக்கிறேன்.

பஸ்ஸில் அதே ஹெட்போன் சரிவரவில்லை. பர்தாவுக்கு மேல் மாட்டினால் வழுக்குகிறது. இடையில் துணி இருப்பதால் காதோடு ஒட்டாமல் இரைச்சலும் உள்ளே வருகிறது. பர்தாவுக்குள் மறையும் சின்ன இயர்போன்தான் நமக்கு வசதி. (ஆசிரியைமாருக்குத் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். தெரியும்.)

வெளியில் பிரச்சினை சத்தத்தை நாம் கூட்டுவதுதான். எஞ்சின் உறுமலையும் சாரதி போடும் பாட்டையும் மீறிக் கேட்க வேண்டுமே! வளர்ந்தவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம்தான். பஸ் பயணமே அதைத் தின்றுவிடும். உட்காதில் அழிந்த மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. உம்மாவின் பயம் வீண் பயமல்ல.

நானா சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்த வகை ஹெட்போன் வெளிச்சத்தத்தை மைக்கினால் பிடித்து, அதற்கு எதிரான ஒலியலையை எழுப்பி அடக்குகிறது. எஞ்சின் போன்ற விடாத இரைச்சல் நன்றாகக் குறையும். பாடத்தின் சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கினால் எந்த வகையானாலும் கழற்றிவிட வேண்டும். பின்னால் வரும் முச்சக்கரவண்டிக்காரருக்கு, பர்தாவுக்குள் இயர்போன் இருப்பது எப்படித் தெரியும்? ஹோன் அடித்தால் பிள்ளை விலகும் என்று நம்பித்தான் அவர் வருகிறார்.

ஆகவே, பெற்றோரே, ஹெட்போனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எவ்வளவு சத்தத்தில் கேட்கிறோம் என்று ஒருதரம் உங்கள் காதில் வைத்துப் பாருங்கள்.

கடைசியில் நான் கேட்டது, காதை இறுக்கமாக அடைக்கும் ரப்பர் முனையுள்ள, வயர் வைத்த சாதாரண இயர்போன். சார்ஜ் போடும் வேலையில்லை. வீட்டில் ஒரு காதில் மட்டும் மாட்டலாம். வாப்பா வாங்கித் தந்தார். மிச்சக் காசு எங்கே என்று உம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.