பெரிய கப்பலுக்கும் ஓடம் வேண்டும்



'ஸ்டார் ட்ரெக்' பழைய தொடரில் 'எண்டர்பிரைஸ்' கப்பல் கிரகங்களில் இறங்குவதில்லை. ஆட்களை இறக்கி ஏற்ற ஒரு கருவி இருக்கிறது. 1966இல் வந்த ஒரு கதையில் அந்தக் கருவி பழுதாகிறது. கீழே நின்றவர்கள் குளிரில் உறைகிறார்கள். போய் ஏற்றிவர ஓடமில்லை. 'கலிலியோ' என்ற சிறிய ஓடம் பிறகுதான் தொடருக்குள் வந்தது.

உயர்தரப் பிள்ளைகளை நாமும் ஓடமில்லாமல்தான் அனுப்புகிறோம். மருத்துவபீடம் ஒன்றே வழி என்கிறோம். இசட் புள்ளி குறைந்தால் பிள்ளை நடுவழியில் நிற்கிறது. தாதியர் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி எதுவும் தோற்றவர்களின் இடமல்ல. பெறுபேறு வந்தபின் அழுதுகொண்டு தேடாமல், பரீட்சைக்கு முன்பே வீட்டில் இருந்து பேசுவோம். பிள்ளைகளுக்காக துஆவும் செய்வோம்.