காலி நிலமும் கட்டடம்தான்

வெடிமருந்துக் கிடங்கு என்றால் தடித்த கான்கிரீட் பெட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிவில் பொறியியல் படிக்க வந்த பிறகே அது தவறு என்று புரிந்தது. ஒருவகைக் கிடங்கில் கூரையை வேண்டுமென்றே இலேசாகப் போடுகிறார்கள். வெடித்தால் வேகம் மேலே போகட்டும் என்று. சுற்றிலும் மண்மேடு எழுப்புவார்கள். கியா பார்மில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவைப் போல.

மண்மேடு சிதறிப் பறப்பவற்றைத் தடுக்கும். அதிர்வலையோ அதைத் தாண்டி வரும். அதற்கு இடைவெளிதான் வழி. சரக்கு எட்டு மடங்கானால், இடைவெளி இரண்டு மடங்காக வேண்டும்.

1991 மே 7-இல் சுங்கை பூலோ பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்டனர். அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமடைந்தன. 2016 ஜூன் 5-இல் இலங்கையின் சாலாவ இராணுவ முகாமில் ஆயுதக் கிடங்கு வெடித்தபோதும் சுற்றியிருந்த வீடுகள் தப்பவில்லை.

கிடங்கைச் சுற்றிய காலி நிலமும் கட்டடத்தின் ஒரு பகுதிதான். அங்கே வீடு கட்ட அனுமதிப்பது சுவரை இடிப்பதற்குச் சமம். பொறியாளர் வரைபடத்தில் போடும் அந்த எல்லைக்கோடு, வீடு வாங்குபவர் பார்க்கும் நில வரைபடத்திலும் இருக்கவேண்டும்.