தறி வீட்டுக்கும் ஒரு வெள்ளைப் பூச்சு

குளிர்நாடுகளில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். காஞ்சிபுரத்தில் அந்தச் செலவே வேண்டாம். சித்திரை வெயில் அதே வேலையைத் தலைக்கு மேலிருந்து இலவசமாகச் செய்துவிடுகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், இரவு வெகுநேரம் வரை அந்த வெப்பத்தைக் கீழே வீசுகிறது. மின்விசிறி காற்றைத்தான் சுழற்றும். கூரையிலிருந்து இறங்கும் கதிர்வெப்பத்தைத் தடுக்காது. நெசவாளருக்கோ வீடேதான் தொழிற்கூடம். குழித்தறியில் கால் மண்ணின் குளிர்ச்சியில் இருக்க, தலை கூரைக்கடியில் வேகிறது. அந்த வெப்பத்தில் காற்று மிகவும் உலர்ந்தால் பட்டு இழையும் எளிதில் அறும். கோயில்களில் பக்தர்களின் பாதம் சுடாதிருக்கக் கல்தரையில் வெள்ளைப் பூச்சு அடிக்கிறோம். அந்த அறிவு தறி வீட்டு மாடிக்கு ஏன் இன்னும் ஏறவில்லை? தெலங்கானா 2023-லேயே, வெயிலைத் திருப்பி அனுப்பும் இத்தகைய குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை வகுத்துவிட்டது. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரத்தை இலவசமாகத் தரும் நம் அரசு, கூடவே கூரைக்கு ஒரு பூச்சுக்கான செலவையும் ஏற்கலாம். சுண்ணாம்பாக இருந்தாலும் போதும். விசிறிக்குத் தரும் மின்சாரத்துக்கு அப்போதுதான் முழுப் பலன் கிடைக்கும்.