நாற்காலியில் உட்கார்ந்த அவில்தார்



செப்டம்பர் 11 நெருங்கினால் பரமக்குடிச் சுவரெல்லாம் இம்மானுவேல் சேகரன் வந்து நிற்கிறார். ராணுவ உடுப்பு, முறுக்கிய மீசை, காலடியில் ஒரு சிங்கம், இல்லையென்றால் கையில் ஒரு வாள். சுவரொட்டி ஒட்டும் தம்பிகளின் கோபம் நமக்குப் புரியாததல்ல. அந்தக் கோபம் இல்லையென்றால் இந்த இதழும் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: அந்த மனுசன் கையில வாளா இருந்துச்சு?

1924 அக்டோபர் 9-இல் முதுகுளத்தூர்ப் பக்கம் செல்லூரில் பிறந்தவர். அப்பா வேதநாயகம் வாத்தியார். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1946-இல் அமிர்தம் கிரேஸ் அவர்களோடு திருமணம். பட்டாளத்தில் அவில்தாராக உயர்ந்தவர், 1950-களின் தொடக்கத்தில் அதை உதறிவிட்டு மக்கள் வேலைக்கு வந்தார். மாசம் பொறந்தா வர்ற சம்பளத்த விட்டுட்டு வர்றது லேசான காரியமா? குடும்பம் நடத்துகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பட்டாளத்தில் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தவன் ஊர் டீக்கடைக்கு வந்தால் தனி கிளாஸ். எல்லையில் துப்பாக்கி பிடிக்கலாம், ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. இந்த நாட்டின் சாதி, சீருடையைக் கழற்றும்வரை காத்திருந்து பிறகு தன் வேலையைக் காட்டும். அவர் இரட்டைக் குவளையை எதிர்த்தார், மக்களைத் திரட்டினார், எதிரிகளைச் சம்பாதித்தார்.

1957 தேர்தலையும் முதுகுளத்தூர் இடைத்தேர்தலையும் ஒட்டி எழுந்த பகை கலவரமாக மூண்டது. செப்டம்பர் 10-ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவேந்திரர் தரப்புக்கு வந்தவர் இம்மானுவேல். முத்துராமலிங்கத் தேவரும் வந்தார். எனக்குச் சமமாக இவரா என்ற கேள்வி அங்கே எழுந்தது. எல்லோரும் எழுந்து நின்றபோது இவர் மட்டும் எழவில்லை என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒரே தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுவதுகூட அன்று முடியவில்லை, தனித்தனியாகத்தான் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு நாற்காலி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் அவர் கேட்டது. சாதி இந்து மனதுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் வேறு இல்லை.

மறுநாள் இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். 33 வயது முடிய இன்னும் 28 நாள் இருந்தது. செப்டம்பர் 14-இல் கீழத்தூவலில் காவல்துறை 5 மறவர்களைச் சுட்டுக் கொன்றது. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும், போலீஸ் துப்பாக்கி நமக்கு நீதி வாங்கித் தராது. அதை 2011 செப்டம்பர் 11-இல் அதே பரமக்குடியில், அவருக்கு அஞ்சலி செலுத்தும் நாளிலேயே, நம் பிணங்களை வைத்து எண்ணிப் பார்த்தோம். கொலைவழக்கில் தேவர் 1959-இல் விடுதலையானார். 2010-இல் இம்மானுவேலுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

இந்த வாளுக்கும் சிங்கத்துக்கும் வருவோம். 'போர்க்குடி' என்பது வெள்ளைக்காரன் போட்ட கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் 1890-களில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்க்காமல் கதவை அடைத்தான். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் அந்தப் பட்டாளத்தின் சுபேதார், பட்டாளப் பள்ளிக்கூடத்தின் வாத்தியாரும்கூட. வாத்தியார் வீட்டிலிருந்து அம்பேத்கர் வந்தார், வாத்தியார் வீட்டிலிருந்து இம்மானுவேலும் வந்தார். நாங்களும் ஆண்ட பரம்பரை, நாங்களும் போர்க்குடி என்று நாம் எழுதும்போது, யாருடைய அளவுகோலை எடுத்து யாரை அளக்கிறோம்?

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு மாசாமாசம் ஒரு பெரியவர் பட்டாளத்துப் பென்சன் வாங்க வருவார். இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு. ஒருநாள் கவுண்டரில் சொன்னார்: "ஊர்ல சின்னப்பய கூட என்னைய 'ஏலே'ன்னுதான் கூப்பிடுறான் தம்பி. நீங்கதான் அய்யாங்கிறீங்க." போன நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க அவர் வரவில்லை. சில வாரம் கழித்து அவருடைய சம்சாரம் வந்தார், குடும்பப் பென்சனுக்கு. பாரத்தில் எங்கே கைநாட்டு வைப்பது என்று கேட்டார். எனக்குச் சட்டென்று அமிர்தம் கிரேஸ் நினைவு வந்தது.

1957 செப்டம்பர் 12 காலையில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? நாலு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கே விவரம் தெரியும் வயசா என்பது சந்தேகம். யார் அடுப்பு பற்ற வைத்தது, பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிப் போனது, பயமில்லாமல் எப்போது தூங்கினார்கள்? நம் நினைவு மலர்களைப் புரட்டுங்கள். அமிர்தம் கிரேஸ் ஒரே ஒரு வரியில் வந்து போவார், அதுவும் 'மனைவி' என்று. வீரவணக்கம் நீளநீளமாக இருக்கும். முளைப்பாரியும் பால்குடமும் தூக்கி மைல்கணக்காக நடந்து வருகிறவர்கள் பெண்கள்தான், மேடையில் மைக் பிடிப்பது நாம்தான். இந்த இதழின் பழைய பக்கங்களும் இதில் தப்பவில்லை, ஒத்துக்கொள்கிறோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த வருசம் பரமக்குடிக்கு வரும்போது கோஷம் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். அந்தக் கிராமங்களில் 1957-ஐக் கண்ணால் பார்த்த பாட்டிகள் இன்னும் சிலராவது இருப்பார்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அவர்கள் சொல்லுகிறபடியே, பேச்சு மாற்றாமல் எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கம் வந்தாலும் போடுகிறோம். கவிதைகளை அடுத்த இதழுக்குத் தள்ளிக்கொள்ளலாம், என்னுடையதையும் சேர்த்து.