நர்சம்மாவுக்கும் தூக்கம் வேண்டாமா?

சொந்தக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வராந்தாவில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். ஒரே ஒரு ராத்திரி கண் விழித்ததற்கே மறுநாள் தலை கிறுகிறுக்கிறது. எல்லோர் மேலும் எரிந்து விழுகிறோம். மாதத்தில் பல ராத்திரி கண் விழிக்கிற நர்சுகளை எப்போதாவது நினைத்துப் பார்த்ததுண்டா?

சங்கரன்கோவிலில் வைத்தியம் பார்க்கும் என்னிடம் நர்சுகளும் வருகிறார்கள். வயிற்றெரிச்சல், மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு, தூக்கமின்மை... பெரும்பாலும் இதே பட்டியல்தான். விசாரித்தால், "ரெண்டு நாள் நைட், ஒரு நாள் ஆஃப், அடுத்த நாள் காலையிலே டியூட்டி சார்" என்பார்கள். இதற்குச் சூரணமும் லேகியமும் மட்டும் கொடுத்து என்ன பயன்? நோயின் வேர் டியூட்டி சார்ட்டில் அல்லவா இருக்கிறது!

அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். பசி, தாகம், சிறுநீர், மலம், தூக்கம் எல்லாம் அதில் அடக்கம். ஒரே நைட் டியூட்டியில் இந்த ஐந்தையுமே அடக்க வேண்டியவர் நர்ஸ்.

நவீன விஞ்ஞானமும் இதைத்தான் சொல்கிறது. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரவு ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் அறிவித்து, 2019-ல் மறுபடியும் உறுதி செய்தது.

அதற்காக ராத்திரியில் ஆஸ்பத்திரியைப் பூட்ட முடியுமா? முடியாது. ஆனால் ஷிப்டைச் சீராக்க முடியும்.

* காலை, அடுத்து மாலை, அதற்கடுத்து இரவு என்று முன்னோக்கியே ஷிப்ட் மாற வேண்டும். தாமதமாகத் தூங்க உடம்பு சுலபமாகப் பழகும். சீக்கிரம் தூங்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

* இரண்டு டியூட்டிக்கு நடுவில் குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும். 1977-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நர்சுகளுக்காகச் செய்த பரிந்துரை இது. நம் பக்கம் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரவே நேரம் சரியாகிவிடுகிறது.

* டியூட்டி சார்ட்டை ஒரு மாதம் முன்பே கொடுக்க வேண்டும்.

* ராத்திரியில் முறை வைத்து அரை மணி நேரம் தலைசாய்க்க ஓர் அறை, சூடான சாப்பாடு, சுத்தமான கழிவறை வேண்டும்.

"ஆள் இல்லையே" என்பார்கள் நிர்வாகிகள். பொது ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. ஆளைப் போட்டால்தானே ஷிப்ட் சீராகும்? சம்பளம் கட்டுப்படியானால்தானே ஆள் நிற்கும்? 2015-ல் தமிழக அரசு ஒப்பந்த நர்சுகளை மாதம் 7,700 ரூபாய்க்குத்தான் எடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட வேண்டியதாயிற்று. சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் 2016-ல் அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, வேலை நேரமும் லீவும் அரசு நர்சுகளுக்கு இணையாக இருக்க வேண்டும் என்றது. அந்தப் பரிந்துரை ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நைட் முடித்து வரும் மருமகளை "பட்டப்பகலில் என்ன தூக்கம்?" என்று கேட்காதீர்கள். பகல் தூக்கம் கூடாது என்பது ராத்திரி தூங்கியவர்களுக்குச் சொன்னது. லேசான ஆகாரம் கொடுத்து, அறையை இருட்டாக்கி, அவரைத் தூங்க விடுங்கள். அன்றைய சமையலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எண்ணெய்க் குளியலை ஆஃப் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாதல்லவா?

நம் ஊர் விசைத்தறிக்காரர்களுக்கு நைட் ஷிப்டின் அருமை தெரியும். அசதியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிடலாம். அசதியில் ஊசி மருந்து மாறிவிட்டால்? அதனால் அடுத்த முறை உங்கள் வீட்டாரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, ரூம் வாடகையை விசாரிப்பதோடு, "ராத்திரியில் இந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ்?" என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் நிர்வாகத்தின் காதில் விழும்.